சிவப்பு விளக்கு போச்சு, ஓட்டை இருக்கு!

கொல்கத்தா மழையைப் பற்றி நம் வீடுகளில் புலம்பாதவர் கிடையாது. என் கதை கொஞ்சம் வேறே. எனக்கு மழை காருக்குள்ளேயே பெய்தது.

2018ல் ஆசைப்பட்டு ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் வாங்கினேன். முன்னாள் அரசுக் கார். அடுத்த வருட மழையில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவின் மடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்பா தஞ்சாவூரில் அரசு டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். கூரையின் உள்துணியை அவரே கழற்றச் சொன்னார். நாலு ஓட்டை! மூன்று போல்ட்டுக்கு, நடுவில் ஒன்று வயருக்கு.

"சுழல் விளக்கு இருந்த இடம்டா" என்றார்.

இந்த ஓட்டைக்குச் சரித்திரம் உண்டு. அம்பாசடர் பிறந்தது இங்கே பக்கத்திலேயே, உத்தர்பாடாவில். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்தது. மந்திரி, அதிகாரி எல்லோருக்கும் அதுதான் வண்டி. யார் தலையில் சிவப்பு விளக்கு வைக்கலாம் என்பதை 1989ம் வருட மோட்டார் வாகன விதிகளின் 108ம் விதி அரசுகளிடமே விட்டது. கேட்க வேண்டுமா, பட்டியல் அனுமார் வாலாக நீண்டது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை வெட்டியது. 2017 மே 1 முதல் அவசர வண்டிகளைத் தவிர யாருக்கும் கிடையாது என்று மத்திய அரசு முடித்துவிட்டது.

வண்டி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. 2014 மேயில் ஆலை நின்றது. 2017ல் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் 80 கோடிக்கு பெஜோ வாங்கியது. பி.காமில் நான் மனப்பாடம் செய்த 'குட்வில்' அன்றைக்குத்தான் புரிந்தது :-)

எனக்கு விற்றவர் அடியில் தகடு வைக்காமல், துருவின் மேலேயே புட்டியை அப்பிப் பெயின்ட் அடித்திருந்தார். புட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

பூஜை லீவில் வெயில் வந்ததும் உட்கார்ந்தோம். பழைய புட்டியைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள். ஓட்டையைவிட ஒரு விரல் பெரிதாகத் தகடு வெட்டி, உள்பக்கமிருந்து அரால்டைட் போட்டு ஒட்டி, ஒருநாள் காயவிட்டோம். பிறகு பிரைமர். மேலே புட்டியை மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்ப்பு. நான் அவசரப்பட்டு ஒரே தடவையில் அப்பப் போனேன்; கையில் ஒரு தட்டு விழுந்தது. மறுபடி பிரைமர், கடைசியில் பெயின்ட்.

"இருபது வருஷம் விளக்கு வச்ச வண்டி ஓட்டினேன். அதைக் கழட்டினா கீழ என்ன இருக்கும்னு ஒருநாள்கூட நினைச்சதில்லடா" என்றார்.

பெயின்ட் காய்ந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கூரையில் ஊற்றச் சொல்லிவிட்டு, அப்பா பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய அதிகாரிகள் உட்காரும் இடது பக்கம்!