துறைமுகம் கற்பித்த இலக்கணம்

திருக்கோணமலைத் துறைமுகத்தருகே போர்த்துக்கேயர் 1624 ஆம் ஆண்டளவில் கோட்டை எழுப்பினர். அக்காலத்தில் போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பானிய மன்னனுக்கே உரியதாயிருந்தது. 1580 முதல் 1640 வரை இரு நாடுகளையும் ஒரே அரசமரபு ஆண்டது. கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டமையே அவ்வாட்சியின் நினைவாக நம்மவர் உள்ளத்தில் நிலைத்துள்ளது, அதில் வியப்பில்லை. 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆயின், ஆட்சி போயும் மொழி போகவில்லை. திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் இல்லங்களில் அது தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது. அயன்மொழி இலக்கணத்தை எவ்வாறு கற்பிப்பது என ஆராய்வோர் அம்மொழியின் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

போர்த்துக்கேய மொழியில் 'காஸா தோ பாய்' என்பர். வீடு முன்னும் தந்தை பின்னுமாக நிற்கும். பறங்கியர் மொழியோ, 'தந்தையின் வீடு' என நாம் கூறுவதுபோல், தந்தையை முன்வைத்து, 'சு' என்னும் உருபைச் சேர்த்து, வீட்டைப் பின்வைக்கிறது. 'அவருடைய' எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே இவ்வாறு தேய்ந்து உருபாயிற்று. 'பாரா' என்னும் முன்னிடைச்சொல் 'ப' எனக் குறுகிப் பெயர்க்குப் பின்னே சென்று, நம் நான்காம் வேற்றுமையின் தொழிலைச் செய்கிறது. வினை வாக்கியத்தின் ஈற்றில் நிற்கிறது. 1970களில் மட்டக்களப்புப் பறங்கியர் பேச்சை ஆராய்ந்த இயன் சிமித் இத்தகைய தமிழொப்புமைகளை விரிவாகக் காட்டியுள்ளார். எனினும் அம்மொழி தமிழின் வெறும் நிழலன்று. 'விரைவில்' எனப் பொருள்படும் 'லோகோ' அங்கே 'லோ' எனக் குறுகி எதிர்காலம் காட்டுகிறது. ஆனால் நம் இடைநிலைபோல் வினையடிக்குப் பின் வராது முன்னேயே நிற்கிறது.

இவ்விதிகளை எந்த ஆசிரியரும் பட்டியலிட்டுக் கற்பிக்கவில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் இருமொழியும் பேசியோர், பேச்சின் தேவையிலிருந்தே அவற்றை அமைத்துக்கொண்டனர். 1811 இல் கொழும்பில் பெரெஞ்சர் என்பார் ஆங்கிலத்தில் ஒரு கற்கை நூல் வெளியிட்டபோது, தலைப்பிலேயே அதனைச் 'சிதைந்த போர்த்துக்கேயம்' என்றார். சிதைந்ததற்கு இலக்கணம் எழுதப் புகுந்தமை விந்தையே!

போர்த்துக்கேயத்தின் உடன்பிறப்பான ஸ்பானியத்தைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிப்பவர் இங்குச் சிந்திக்க இடமுண்டு. 'மே குஸ்தா எல் மார்' என்பதை ஆங்கில வழியாக விளக்கினால், 'நான்' என்னும் எழுவாய் எங்கே என மாணவன் மயங்குவான். 'எனக்குக் கடல் பிடிக்கும்' என்னும் தன் வாக்கியத்தை அருகில் வைத்தால் மயக்கம் பெரிதும் நீங்கும். பின்னர்க் கப்பல்களைப் பற்றிப் பேசவேண்டி வரும்போது, 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' எனப் பன்மையாவதைக் காட்டலாம். பொருள் பன்மையாயினும் நம் 'பிடிக்கும்' மாறுவதில்லை. ஒப்புமை அவ்விடத்தோடு முடிகிறது. வேற்றுமை அட்டவணையை முதல்நாளே மனனம் செய்விப்பதிலும் இம்முறை சிறந்தது என்பதே என் கருத்து.

திருக்கோணமலையில் பாலையூற்றுப் பகுதியில் இன்றும் பறங்கியக் குடும்பங்கள் உள்ளன. இளையோர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்தோசோவும் அவர்தம் குழுவினரும் கடந்த பத்தாண்டில் இவ்விரு நகரங்களிலும் எஞ்சிய பேச்சை ஒலிப்பதிவு செய்துள்ளனர். முதியோரின் உரையாடல்களும் கதைகளும் பாடல்களும் அப்பதிவுகளில் உள்ளன.