பயணப் பலா

நம் விருந்துகளில் இன்று எளிதாக இடம்பெறும் அன்னாசி, ஒரு காலத்தில் அரசவைக்கே அரிய பொருளாயிருந்தது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கனியை 1493-ஆம் ஆண்டு கொலம்பஸ் குழுவினர் குவாதலூப் தீவில் கண்டனர். பின்னர் போர்த்துக்கீசியர் வழியே அது இந்தியக் கரைகளை அடைந்தது. தமிழில் அதற்குப் 'பறங்கித்தாழை' என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

அக்பரின் ஆட்சியை விவரிக்கும் 'ஆயினே அக்பரி' என்னும் பாரசீக நூலில் அபுல் ஃபஸ்ல் இதனைப் 'பயணப் பலா' எனவும் குறிக்கிறார். தொட்டியில் நட்ட கன்றைப் பயணத்தில் உடன்கொண்டு சென்றாலும் அது கனி தரும் என்பதே காரணம். அந்நூலின் விலைப்பட்டியலில் நூறு மாம்பழம் 40 தாம் வரை. அன்னாசியோ ஒன்றே 4 தாம். ஜஹாங்கீர் காலத்தில் ஆக்ராவின் குல்அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் அன்னாசிகள் விளைந்தன.

அரசர் போற்றிய கனி இன்று எளியோர் கைக்கும் எட்டுகிறது. நாமோ அதனைச் சர்க்கரைப் பாகில் மூழ்கடிக்கிறோம். பழுத்த அன்னாசிக்குத் தன் இனிப்பே போதும். துண்டுகளை மஞ்சள், பச்சை மிளகாய், உப்புடன் சிறிது நீரில் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால், நெய்யும் தயிரும் இன்றியே நல்ல பச்சடி ஆயத்தமாகும். நெடுநேரம் கொதித்தால் வைட்டமின் சி குறையும். ஆதலால் துண்டுகள் மென்மையானதும் இறக்கிவிட வேண்டும்.

கிடைத்த அருட்கொடையை அதன் இயல்பு கெடாமல் உண்பதும் நன்றி செலுத்தும் ஒரு வழியே.