பைண்டர் பையன்கள்: 1925ல் மயாமியில் சீட்டு விற்ற கதை

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு என் ரூம்மேட் என்னை உலுக்கி எழுப்பினான். ஏதோ அமெரிக்க வீடியோ பார்த்திருக்கிறான். "கையில காசே வேணாமாம்டா. வீட்டை வாங்கவே வேணாமாம். ஆனா வித்து லாபம் பார்க்கலாமாம்!" என்றான். அந்த வியாபாரத்துக்குப் பெயர் ரியல் எஸ்டேட் ஹோல்சேலிங். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்களாம், அதற்கு மட்டும் காசு உண்டாம் :-)

விஷயம் இதுதான். அவசரமாக விற்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு வீட்டுக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடன் தவணை கட்ட முடியாதவர், பாகப்பிரிவினையில் மாட்டியவர், பழுது பார்க்க வசதியில்லாதவர் என்று யாராவது. அவரிடம் குறைந்த விலைக்கு ஒரு விற்பனை ஒப்பந்தம் போட வேண்டும். கிரயத் தேதிக்கு முன்னால், ரொக்கம் வைத்திருக்கும் ஒரு முதலீட்டாளருக்கு அந்த ஒப்பந்தத்தையே கூடுதல் விலைக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் நமக்கு. வீடு ஒரு நாள்கூட நம் பெயரில் இருக்காது. நம்ம ஊரில் அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரம் பதிவதற்குள் வேறொருவருக்குக் கைமாற்றி விடுகிறார்களே, அதே சங்கதிதான்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு போல அந்த வீடியோவில் சொன்னார்களாம். நான் வரலாறு படிக்கிற பையன். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது 1925ஆம் வருட மயாமி.

அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஃபுளோரிடா மாநிலத்தில் அப்போது மனை வெறி பிடித்து ஆடியது. 1920 கணக்கெடுப்பின்படி மயாமியின் மக்கள்தொகை 30,000கூட இல்லை. முதல் உலகப் போர் முடிந்து கையில் பணம் புரண்ட நேரம். ஃபோர்டு கார் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் விலைக்கு வந்திருந்தது. போதாததற்கு, மாநிலத்தில் வருமான வரியும் வாரிசு வரியும் கிடையாது என்று 1924ல் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். வடக்கே குளிரில் கிடந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். கார்ல் ஃபிஷர் என்பவர் சதுப்பு நிலத்தில் கடல் மணலைக் கொட்டி மேடாக்கி மயாமி பீச்சை உருவாக்கினார். ஜார்ஜ் மெரிக் தன் குடும்பத்துப் பழத்தோட்டத்தைச் சுற்றி கோரல் கேபிள்ஸ் என்ற நகரத்தையே எழுப்பினார். அங்கே மனை வாங்கச் சொல்லிச் சொற்பொழிவாற்றியவர் யார் தெரியுமா? மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்! 1925 ஜூலையில் ஒரு மயாமி நாளிதழ் 504 பக்கங்களில் ஒரே இதழ் வெளியிட்டது. பெரும்பாலும் மனை விளம்பரங்கள்தான்.

இந்தக் கூட்டத்துக்குள் புகுந்தவர்கள்தான் 'பைண்டர் பையன்கள்'. மனை விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் ஒரு ரசீது தருவார்கள். அதற்குப் பெயர் பைண்டர். பத்திரங்களைச் சரிபார்த்துப் பதிவு செய்ய ஏறக்குறைய முப்பது நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் முதல் பெரிய தவணை கட்ட வேண்டும். அந்த முப்பது நாள்தான் இவர்களுடைய கடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் 1,000 டாலர் கட்டி பைண்டர் வாங்குகிறான். விலை 10,500க்கு ஏறுகிறது. அவன் தன் ரசீதை 1,500க்கு விற்றுவிடுகிறான், மீதி 9,000 வாங்கியவன் தலையில். மனை விலை ஏறியது 5 சதவீதம், பையனின் காசு ஏறியதோ 50 சதவீதம்! வாங்கியவனும் மனையில் குடியேறப் போவதில்லை, அடுத்தவனைத் தேடுகிறான். ஒரே ரசீது பல கை மாறும். மயாமியின் ஃபிளாக்லர் தெருவில் கூட்டம் தாங்காமல், தெருவில் மனை விற்கக் கூடாது, வரைபடத்தைக்கூட விரித்துக் காட்டக் கூடாது என்று நகராட்சி சட்டமே போட்டது.

இந்தப் பையன்களில் பலருக்கு நிலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மனையைப் பார்க்காமலே விற்கலாம், வரைபடத்தில் ஒரு கட்டம் போதும். பாஸ்டனில் மோசடி செய்து ஜெயிலுக்குப் போன அதே சார்லஸ் போன்சி, வெளியே வந்ததும் 1925ல் ஃபுளோரிடாவுக்கு வந்து 'ஜாக்சன்வில் அருகே' என்று மனை விற்றார். அந்த 'அருகே' என்பது சுமார் 65 மைல். (நம்ம ஊர் மனை விளம்பரங்களில் வரும் 'பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம்' ஞாபகம் வருகிறதா?)

1925 கடைசியிலேயே காற்று மாறிவிட்டது. கட்டுமானப் பொருட்கள் குவிந்து ரயில் பாதைகள் திணற, அக்டோபரில் அத்தியாவசியச் சரக்கு தவிர வேறு எதையும் ஏற்ற மாட்டோம் என்று ரயில் கம்பெனிகள் கையை விரித்தன. சரி, கப்பலில் கொண்டு வரலாம் என்றால், 1926 ஜனவரி 10ஆம் தேதி பிரின்ஸ் வால்டெமார் என்ற கப்பல் துறைமுக வாயிலிலேயே கவிழ்ந்து, வாரக்கணக்கில் வழியை அடைத்துக்கொண்டது. (பிற்பாடு அதை நிமிர்த்தி மீன் காட்சியகம் ஆக்கினார்கள். எதையும் வீணாக்காத ஊர்.) வீடு கட்ட முடியாது. கட்ட முடியாத மனையை வாங்க ஆளில்லை. ஆளில்லை என்றதும் கடைசியாக ரசீதைப் பிடித்திருந்தவன் முன்பணத்தை இழந்தான். அதே வருடம் செப்டம்பர் 18ஆம் தேதி பெரும்புயல் வந்து 300க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. புயல்தான் மனை வியாபாரத்தைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது ஏற்கனவே படுத்துக் கிடந்தது, புயல் பால் ஊற்றியது. மயாமி வங்கிகளின் காசோலைப் பரிவர்த்தனை 1925ல் 106 கோடி டாலருக்கு மேல். 1928ல் 14 கோடி சொச்சம்.

அடி வாங்கியவர்கள் பையன்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய ஃபிரெட்ரிக் லூயிஸ் ஆலன் ஒருவருடைய கதையைச் சொல்கிறார். 1925 தொடக்கத்தில் அந்த மனிதர் ஏக்கர் 12 டாலருக்குத் தன் நிலத்தை விற்றார். அது 17க்கும், 30க்கும், கடைசியில் 60க்கும் கைமாறியதைப் பார்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால், வரிசையில் இருந்த அத்தனை பேரும் தவணை கட்டவில்லை. அவருக்கு வர வேண்டிய பாக்கியும் வரவில்லை, நிலம்தான் திரும்பி வந்தது. இப்படித் திரும்பிய நிலங்கள் பலவற்றில், விற்றபோது கைக்கு வந்த ரொக்கத்தைவிட அதிகமான வரிபாக்கி ஏறியிருந்தது. கூடவே பாதி போட்ட சாலைகளும்.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொன்னேன். "இப்ப அப்படி இல்லடா, நம்ம காசு போகாது" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. பைண்டர் பையன் பத்து சதவீதமாவது கட்டினான். இன்றைய ஹோல்சேலர் கட்டும் முன்பணம் சில சமயம் பத்து டாலர்தான். ஒப்பந்தத்திலேயே 'வீட்டைப் பரிசோதித்துப் பிடிக்காவிட்டால் விலகலாம்' என்று ஒரு வரியும் இருக்கும். வாங்க ஆள் கிடைக்காவிட்டால் கையை உதறிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதுவரை அந்த வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாமல் கட்டிப்போட்டாயிற்று. தவணை கட்ட முடியாமல் ஏலத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த முப்பது நாள்தான் உயிர். 1925ல் ரசீதைப் பிடித்திருந்தவனிடமிருந்த ரிஸ்க் மொத்தமும் இப்போது விற்பவர் பக்கம் போய்விட்டது.

இல்லினாய் மாநிலம் 2019ல், பன்னிரண்டு மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிக் கைமாற்றினால் புரோக்கர் லைசென்ஸ் வேண்டும் என்று கொண்டுவந்தது. ஓக்லஹோமா 2021ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 'லைசென்ஸ் வேணாம்' என்ற வரி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதை மட்டும் அவனுக்கு அழுத்திச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "அந்த 12 டாலர் ஆளுக்கு நிலமாவது திரும்பக் கிடைச்சுது. ஏலத்துல போன வீட்டுக்காரனுக்கு?" என்று கேட்டான். லைட்டை அணைக்கும்போது மணி ஒன்றரை.