புயலின் கண் எங்கே? ஒரு சுருளின் கதை

2022 டிசம்பர் 9, ராத்திரி பத்தரை மணி. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடக்க ஆரம்பிச்ச நேரம். செங்கல்பட்டு வீட்டுல கரன்ட் போயாச்சு. அம்மா மெழுகுவத்தி ஏத்திட்டு, "டேய், அது நம்ம மேல வருதா, மெட்ராஸ் மேல போகுதா?"ன்னு கேட்டாங்க. போன்ல ரேடார் படம் இருக்கு. மழைப் பட்டைகள் சுருள் சுருளா தெரியுது. ஆனா நடுப்புள்ளி எதுன்னு எனக்குப் பிடிபடல. இந்த எபிசோடு அந்தப் புள்ளியைத் தேடின மனுஷங்களைப் பத்தினது.

1845 பிப்ரவரி. மொரீஷியஸ் பக்கத்துல சார்லஸ் ஹெடில்னு ஒரு கப்பல் புயல்ல மாட்டி, காத்து தள்ளின பக்கமே நாள்கணக்கா ஓடுச்சு. கல்கத்தாவுல இருந்த ஹென்றி பிடிங்டன் அதோட பதிவேட்டை வச்சுப் பாதையை வரைஞ்சு பார்த்தார். கப்பல் திரும்பத் திரும்ப வட்டமடிச்சிருந்தது! 1848-ல அவர் எழுதின மாலுமிகள் கையேட்டுல, சுருண்ட பாம்பை நினைச்சு, கிரேக்கத்துல இருந்து 'சைக்ளோன்'ங்கிற சொல்லை உருவாக்கினார். புத்தகத்தோட ஒளி ஊடுருவுற கொம்புத் தகடுகளும் வந்தது. அதுல வட்டங்களும் காத்து அடிக்கிற திசையும் வரைஞ்சிருக்கும். வரைபடத்து மேல வச்சு நகர்த்தினா, மையம் எந்தப் பக்கம்னு தெரியும்.

அன்றைய விதி ரொம்ப சிம்பிள். நம்ம பூமியின் வடபாதியில, காத்தைப் பார்த்து நின்னா மையம் வலது பக்கம், சரியா 90 டிகிரியில. ரெண்டு கப்பல்ல இருந்து ரெண்டு கோடு போட்டா, அது வெட்டுற இடம்தான் கண்.

ஆனா இது காத்து சரியான வட்டத்துல சுத்தினாத்தான் வேலை செய்யும். உண்மையில காத்து உள்பக்கமா சாஞ்சு போகும். அப்போ பாதை வட்டமில்ல, ஸ்பைரல். மொரீஷியஸ் வானிலை ஆய்வாளர் சார்லஸ் மெல்ட்ரம் இதைத்தான் சொல்லி, 90 டிகிரி விதியை நம்பினா ஆபத்துன்னு எச்சரிச்சார். கணக்குப் போட்டுப் பாருங்க: சாய்வு 20 டிகிரின்னா, 200 கி.மீ. தள்ளி நிக்கிறவருக்கு மையம் சுமார் 70 கி.மீ. தப்பாகும். சென்னையில இருந்து மாமல்லபுரமே கிட்டத்தட்ட 55 கி.மீ.தான்!

ரேடார் வந்த பிறகு, கண் தெளிவா தெரியாத புயல்களுக்கு, கண்ணாடித்தாள்ல மடக்கைச் சுருளை வரைஞ்சு திரை மேல வச்சாங்க. போலார் கோஆர்டினேட்ஸ்ல அது r = a·e^(kθ). k என்பது சாய்வுக் கோணத்தோட டேன். தாளைச் சுழட்டி, நகர்த்தி, மழைப் பட்டையோட பொருந்த வச்சா, சுருளோட ஒரிஜின் எங்க விழுதோ அதுதான் கண். பிடிங்டனோட கொம்புத் தகடு, நூறு வருஷம் கழிச்சு வேற உருவத்துல!

இங்கதான் காலேஜ்ல நான் மார்க் விட்ட விஷயம் ஞாபகம் வந்துச்சு. r = cosθ, r = sinθ ரெண்டும் எங்க வெட்டும்? சமன்படுத்தினா θ = 45 டிகிரின்னு ஒரே ஒரு புள்ளி. வரைஞ்சு பார்த்தா ரெண்டு. விட்டுப்போனது ஒரிஜின். முதல் வளைவு அங்க 90 டிகிரியில வருது, ரெண்டாவது 0 டிகிரியில. ஒரே இடத்துக்கு வேற வேற கோணத்துல வர்றதால சமன்பாட்டுக்கு அது தெரியாது. அதனால, சமன்பாட்டைத் தீர்த்த கையோட, ஒரிஜினைத் தனியா சரிபார்க்கணும். மடக்கைச் சுருள் இன்னும் மோசம்: மையத்தை நெருங்கிட்டே இருக்கும், தொடவே தொடாது.

இன்னொண்ணு: 2002-ல் சென்னைத் துறைமுகத்துல டாப்ளர் ரேடார் வந்துச்சு. அது எல்லாத்தையும் தன் இடத்துல இருந்து தூரமாவும் கோணமாவும் அளக்குது. அதோட ஒரிஜின் துறைமுகம். புயலோட ஒரிஜின் கண். அந்த ரெண்டு ஒரிஜினையும் கலந்து குழப்பிக்கிட்டதுதான் அன்னிக்கு நான் பண்ணின தப்பு. படத்தோட நடுவுல சென்னை இருந்ததால, புயலும் சென்னையைச் சுத்துதுன்னு நினைச்சேன்.

"மெட்ராஸ் மேலதாம்மா"ன்னு சொல்லிட்டேன். அம்மா உடனே சென்னையில இருக்கிற அக்காவுக்குப் போன் பண்ணி பயமுறுத்தினாங்க. கண் இருந்ததோ மாமல்லபுரத்துக்கிட்ட, எங்க வீட்டுல இருந்து முப்பது கி.மீ. கூட இருக்காது. காலையில பார்த்தா மொட்டைமாடித் தகரம் பக்கத்து வீட்டுல கிடந்துச்சு.

அடுத்த தடவை ரேடார் படம் பார்க்கும்போது, முதல்ல அது எதைச் சுத்துதுன்னு பாருங்க.