அட்டையில் வந்த காலிப்பெட்டி

ரேடியோ, ஒலிபெருக்கி போன்றவற்றை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்கென்று வரும் பத்திரிகைகளை நீங்கள் புரட்டியிருக்கலாம். அட்டையில் பளபளப்பாக ஒரு கருவி. உள்ளே அதன் மின்சுற்றுப் படம், பாகங்களின் பட்டியல், விலை. படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறோம். படமெடுத்த வேளையில் அந்தக் கருவி இருந்ததா என்று யாராவது கேட்டதுண்டா?

அமெரிக்காவில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்றொரு மாத இதழ், சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றுவந்தது. 1974 ஜூலையில் அதன் போட்டி இதழான 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்', 'மார்க்-8' என்ற சிறு கம்ப்யூட்டரை அட்டையில் போட்டுவிட்டது. பாப்புலர் எலக்ட்ரானிக்ஸின் ஆசிரியர் ஆர்தர் சால்ஸ்பர்க்கும் தொழில்நுட்ப ஆசிரியர் லெஸ் சாலமனும் சும்மா இருப்பார்களா? அதைவிடச் சிறந்ததாக, 400 டாலருக்குள், ஒரு முழுக் கம்ப்யூட்டர் வேண்டுமென்று தேடினார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரில் 'மிட்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்திய எட் ராபர்ட்ஸ் செய்து தருவதாக ஏற்றார். கால்குலேட்டர் விற்பனையில் நொடித்து, கடனில் தத்தளித்தவர் அவர். இன்டெல் 8080 சில்லும் 256 பைட்டு நினைவகமும் கொண்ட 'ஆல்டேர் 8800' உருவாயிற்று. (எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டாலும் இந்தப் பத்தி முழுவதும் அதில் அடங்காது!)

அக்டோபரில் முதல் மாதிரி நியூயார்க்குக்குப் பார்சலில் புறப்பட்டது. ஆனால் போய்ச் சேரவில்லை, வழியிலேயே தொலைந்துவிட்டது.

மாத இதழுக்குக் காத்திருக்க நேரம் ஏது? ஜனவரி இதழ் டிசம்பருக்குள் கடைகளில் இருந்தாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் முன்பே அட்டைக்கு வண்ண அச்சுத்தகடுகள் தயாராக வேண்டும். விளம்பரதாரர்கள் இடம் பிடித்திருப்பார்கள். இன்னொரு மாதிரி செய்ய அவகாசமில்லை. ஆகவே மிட்ஸ் ஒரு பெட்டியின் முகப்பில் சுவிட்சுகளையும் சிறு விளக்குகளையும் மட்டும் பொருத்தி அனுப்பியது. உள்ளே ஒன்றுமில்லை. 1975 ஜனவரி இதழின் அட்டையில் கம்பீரமாக நின்றது அந்தக் காலிப்பெட்டிதான்!

செய்முறைத் தேர்வில் ஒரு மாணவர் இப்படிச் செய்தால் நான் மதிப்பெண் தரமாட்டேன். எனினும் இதை வெறும் மோசடி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ராபர்ட்ஸும் அவருடைய பொறியாளர் வில்லியம் யேட்ஸும் எழுதிய கட்டுரையும் மின்சுற்றுப் படங்களும் உண்மையானவை. ஆனாலும் வாசகரிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 397 டாலர் அனுப்பியவர்களுக்குப் பின்னர் கிடைத்த கருவியின் உள்ளமைப்பு, தொலைந்த மாதிரியினின்றும் வெகுவாக மாறியிருந்தது.

200 பெட்டிகள் விற்றால் தப்பித்துவிடலாம் என்று ராபர்ட்ஸ் கணக்கிட்டிருந்தார். ஆர்டர்களோ ஆயிரக்கணக்கில் குவிந்தன. மே மாத இறுதிக்குள் 2,500 அனுப்பிவிட்டதாக மிட்ஸ் அறிவித்தது.

அந்த அட்டையைக் கண்டு பரபரப்படைந்தவர்களில் பால் ஆலன், பில் கேட்ஸ் என்ற இரு இளைஞர்களும் உண்டு. ஆல்டேருக்காக அவர்கள் பேசிக் மொழியை எழுதினார்கள், ஹார்வர்டிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரை ஆல்டேர் போல நடிக்க வைத்து! ஆலன் அதை ஆல்புகர்க்கிக்குக் கொண்டுபோய் உண்மையான ஆல்டேரில் ஏற்றியபோது, அது வேலை செய்தது. அதுவரை இருவருமே ஆல்டேரைத் தொட்டதில்லை.