விலைபோகும் விளையாட்டு: மேட்ச் ஃபிக்ஸிங்கும் நம் பிள்ளைகளும்

கைக்கு வந்த கேட்சை ஒரு வீரர் தவறவிட்டால் போதும், 'காசு வாங்கிட்டான்' என்று டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடுகிறது. வீட்டில் டிவி முன் அமர்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையனும் அதையே சொல்கிறான். ஆனால் அடுத்த நாளும் அதே வீரரின் பெயர் போட்ட சட்டையைத்தான் அணிந்துகொள்கிறான். ஏமாற்றுகிறார்கள் என்று நம்பிக்கொண்டே ரசிக்கப் பழகிவிட்ட தலைமுறை உருவாகிவருகிறது. எனவே இந்த மோசடி எப்படி நடக்கிறது, இதுவரை என்ன நடந்தது, மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

மோசடியின் இரண்டு வகைகள்

போட்டியின் முடிவையே முன்கூட்டிப் பேசி வைப்பது மேட்ச் ஃபிக்ஸிங். முடிவைத் தொடாமல், குறிப்பிட்ட ஓவரில் ஒரு நோ பால் வீசுவது, இத்தனை ரன்களை விட்டுக்கொடுப்பது போன்ற சிறு பகுதியை மட்டும் விற்பது ஸ்பாட் ஃபிக்ஸிங். இரண்டுக்கும் வேர் சூதாட்டச் சந்தைதான். நடக்கப்போவதை முன்பே அறிந்த புக்கி லாபம் அடைகிறான். அறியாமல் பணம் கட்டியவன் இழக்கிறான். ஒரு பந்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தொடங்கும் வீரர் அதன் பிறகு புக்கியின் பிடியில் சிக்கிவிடுகிறார்.

பதிவாகியுள்ள நிகழ்வுகள்

2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்ஸி குரோனியே புக்கியுடன் பேசிய தொலைபேசி உரையாடலை டெல்லி போலீசார் வெளியிட்டபோது உலகமே நம்ப மறுத்தது. அவர் மதப்பற்று மிக்கவராகவும் நேர்மைக்கு உதாரணமாகவும் அறியப்பட்டவர். அதே ஆண்டு ஜனவரியில், மழையால் நாட்கள் வீணான செஞ்சூரியன் டெஸ்டில் ஆட்டத்துக்கு உயிரூட்ட இன்னிங்ஸை விட்டுக்கொடுத்தார் என்று பலரும் அவரைப் பாராட்டினர். அதற்குப் பின்னால் புக்கி ஒருவர் தந்த பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2002-ல் விமான விபத்தில் இறந்தார்.

2000-ஆம் ஆண்டிலேயே பாகிஸ்தானில் நீதிபதி கய்யூம் விசாரணை அறிக்கை வெளியாகி, முன்னாள் கேப்டன் சலீம் மாலிக் வாழ்நாள் தடைக்கு உள்ளானார். இந்தியாவில் முஹம்மது அஸ்ஹருத்தீனுக்கும் அதே தண்டனை கிடைத்தது. அவர் மீதான தடை சட்டப்படி செல்லாது என்று 2012-ல் ஆந்திர உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் உள்ளத்தை அதிகம் வருத்துவது 2010 ஆகஸ்ட் மாத லார்ட்ஸ் டெஸ்ட். பாகிஸ்தான் வீரர்களைத் தன்னால் ஆட்டுவிக்க முடியும் என்று நிரூபிக்க, தொழிலதிபர்போல் வேடமிட்டு வந்த பத்திரிகையாளரிடம் ஒரு தரகர் 1,50,000 பவுண்டு வாங்கினார். அவர் சொன்னபடியே மூன்று நோ பால்கள் வீசப்பட்டன. 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதம், முஹம்மது ஆசிஃபுக்கு ஓராண்டு, முஹம்மது ஆமிருக்கு ஆறு மாதம் சிறைத் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்தபோது ஆமிருக்கு வயது 18. அந்த டெஸ்ட் நடந்த நாட்கள் ரமளான் மாதத்தின் நடுப்பகுதி என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2013 மே மாதம் ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கில் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவர் கைதானார்கள். சூதாட்ட விவகாரம் சென்னை அணி நிர்வாகம் வரை வந்தது. 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரு அணிகளையும் ஈராண்டுகள் இடைநீக்கம் செய்தது. 2019-ல் வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் தடைக்கு உள்ளானார். அவர் பணம் வாங்கவில்லை. புக்கி தன்னை அணுகியதை அதிகாரிகளிடம் சொல்லாமல் மறைத்ததுதான் குற்றம். இலங்கை 2019 நவம்பரில் விளையாட்டு ஊழலைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் இயற்றியது. 10 ஆண்டுகள் வரை சிறைக்கு அதில் இடமுண்டு.

நயவஞ்சகம் எங்கே இருக்கிறது?

பிடிபட்ட வீரர்களோடு பிரச்சினை முடிவதில்லை. சூதாட்டத்தை ஒழிப்போம் என்று வீரர்களுக்கு வகுப்பு எடுக்கும் அமைப்புகளே, பணம் கட்டி ஆடும் செயலிகளின் விளம்பரத்தையும் ஏற்றன. 2020 ஐபிஎல் போட்டிக்கே ட்ரீம்11 பெயர் சூட்டப்பட்டது. 2023 முதல் இந்திய அணியின் சட்டையிலும் அப்பெயர் இருந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகே அது அகன்றது. அது திறமை விளையாட்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கலாம். பலரும் பணம் கட்டி, சிலர் மட்டும் அள்ளிச்செல்வது மார்க்கத்தின் பார்வையில் சூதாட்டமே.

இதற்கு மாறாக, மதுபான நிறுவனத்தின் சின்னத்தைத் தன் சட்டையில் அணிய மறுத்தே தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா உலகத் தரத்தில் ஆடினார். கொள்கையை விடாமலும் களத்தில் நிற்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

மார்க்கத்தின் பார்வை

இஸ்லாம் விளையாட்டுக்கு எதிரியல்ல. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியுள்ளார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். எவராலும் முந்த முடியாதிருந்த அவர்களின் ஒட்டகம் அள்பாவை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது நபித்தோழர்கள் வருந்தினர். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. தோல்வியை ஏற்கும் பக்குவம் விளையாட்டின் முதல் பாடம். தோல்வியையே விற்கிறவன் அந்தப் பாடத்தைப் பாழாக்குகிறான்.

திருக்குர்ஆன் 5:90 வசனம் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து ஷைத்தானின் செயலாகச் சொல்கிறது. அடுத்த வசனம், அது பகையை உண்டாக்கி தொழுகையை விட்டும் தடுக்கும் என்று எச்சரிக்கிறது. பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பி ஒப்படைத்தால் மோசடி என்று நயவஞ்சகனுக்கு ஹதீஸ் கூறும் மூன்று அடையாளங்களும் மேட்ச் ஃபிக்ஸிங்கில் ஒன்றாகச் சேர்கின்றன. கடைவீதியில் மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலைக் கண்டு நபியவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். விற்கப்பட்ட ஆட்டமும் அத்தகைய குவியல்தான்.

சந்தேகத்துக்கும் எல்லை உண்டு

இத்தனையும் அறிந்த பிறகு, தோற்றவனையெல்லாம் திருடன் என்று சொல்ல நமக்கு உரிமை வந்துவிடுமா? வராது. வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு 49:6 வசனமும், அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்குமாறு 49:12 வசனமும் கட்டளையிடுகின்றன. கேட்ச் நழுவுவது மனித இயல்பு. ஆதாரமின்றி ஒருவரைப் பழிப்பது அவதூறு. விசாரணை முடிவு வேறு, வாட்ஸ்அப் செய்தி வேறு. தண்டனை அனுபவித்துத் திருந்தியவரைக் காலமெல்லாம் ஏசுவதும் நமக்கு அழகல்ல.

நம் ஊரில், நம் வீட்டில்

லார்ட்ஸ் மைதானத்தைப் பற்றிப் பேசுவது எளிது. நம் தெரு மைதானத்தைப் பார்ப்போம். ஊர் டோர்னமெண்டில் ஒவ்வொரு அணியிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தத் தொகையையே வெற்றி பெற்ற அணிக்குப் பரிசாகக் கொடுக்கிறோம். எல்லோரும் பணம் போட்டு ஒருவர் எடுப்பதால் இது சூதாட்டத்தில் சேரும் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். பரிசை ஜமாஅத்தோ, கடைக்காரரோ, வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரரோ தனியாக வழங்கட்டும். கட்டணம் மைதான வாடகைக்கும் பந்துக்கும் மட்டும் செலவாகட்டும். 'தோற்றவன் பிரியாணி' என்ற பந்தயத்தையும் விட்டுவிடுவோம்.

பெற்றோர்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் என்னென்ன செயலிகள் உள்ளன என்று பாருங்கள். அதட்டாமல் கேளுங்கள். ஏற்கெனவே பணம் இழந்து கடனில் சிக்கியிருந்தால், அதை உங்களிடம் சொல்லும் தைரியத்தை முதலில் கொடுங்கள். பயத்தால் மறைக்கும் பிள்ளைதான் மேலும் ஆழத்தில் விழுகிறான்.

எடையில் குறைத்துக்கொண்டு, வியாபாரத்தில் பொய் சொல்லிக்கொண்டு, கிரிக்கெட் வீரரின் நேர்மையைப் பற்றி நாம் பேசினால் பிள்ளைகள் நம்மிடமிருந்து நயவஞ்சகத்தையே கற்பார்கள். இந்தச் சோதனை முதலில் நமக்குத்தான்.

வெற்றியிலும் தோல்வியிலும் நேர்மை தவறாத மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.