ஆவாரை
ஆவாரை: அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, வறட்சி தாங்கும் மஞ்சள் பூப் புதர். தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. சங்க நூல்களில் ஆவிரை. தென்னிந்தியா, இலங்கையின் வறண்ட நிலங்களுக்கு உரியது. தெலங்கானாவின் மாநில மலர். டானின் மிகுந்த பட்டை தோல் பதனிட உதவும்.

வளர்ப்பு: திருவண்ணாமலையில், 1922இல் உருவான ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள மலையடிவார வீட்டுத் தோட்டங்களுக்கு ஏற்ற செடி. சரளை மண் போதும். முழு வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கக் கூடாது. விதையுறை கடினமாதலால் வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம். நாற்றை ஐப்பசி மழையோடு நடுவது நல்லது. முதல் கோடையில் மட்டும் அளவாக நீர் விட்டு, வேரூன்றியபின் குறைக்கலாம். காய்கள் முற்றியபின் கவாத்து செய்தால் புதுக்கிளைகளில் பூக்கள் நிறையும்.

பயன்: தேனீக்கள் மகரந்தம் தேடி வரும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் கொத்தில் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் சேரும். நீர் அருகிய ஊரில் போற்றி வளர்க்கத்தக்க மண்ணின் செடி.